650 சொல் கட்டுரைக்குத் துணை நின்றவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கல்லூரி விண்ணப்பக் கட்டுரையை ஒருவழியாக அனுப்பியாயிற்று. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். இடம் கிடைத்தால்தான் நன்றி என்று உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டவும் கூடாது. மார்க், பரிசு எல்லாம் போட வேறு கட்டங்கள் இருக்கின்றன. கட்டுரையில் தெரிய வேண்டியது எழுதுகிற ஆள்.

இதை முதலில் பிடித்துக்கொண்டவர் எங்கள் தமிழ் டீச்சர். மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து எங்கள் வயல்களுக்கு வரும் தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னதே அவர்தான். தமிழ்நாடும் கேரளமும் 1970-ல் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று தொடங்கி எழுதிக் காட்டினேன். "இது பேப்பர்ல வர்ற சமாச்சாரம். முறைத் தண்ணி வர்ற ராத்திரி நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டார். டார்ச் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வரப்பில் நடப்பேன். மேல்மடை திறந்த நேரத்தையும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்த நேரத்தையும் நோட்டில் குறிப்பேன். அந்த நோட்டுதான் கட்டுரை ஆனது.

காய்ந்த வாய்க்கால் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் தண்ணீரைக் கீழே விடும் என்று விளக்கியவர் மேல்மடை மாமா. அவருக்கும் அப்பாவுக்கும் நடந்த மடைச் சண்டையை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "சண்டையைப் போடு, என் பேரைப் போடாதே" என்றார். போடவில்லை மாமா!

கோயம்புத்தூர் அக்கா ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. போனில் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நாக்கு இடறிய இடத்தையெல்லாம் வெட்டச் சொன்னாள். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். எழுதியது என் சொந்த வேலை என்று விண்ணப்பத்திலேயே உறுதி கொடுக்க வேண்டும், அப்புறம் எப்படி அவர்களிடம் போவது?

சான்றிதழ்களைப் பொறுமையாக ஸ்கேன் செய்து தந்த அக்ஷயா இ-சேவை மையத்துச் சேச்சிக்கும், பள்ளிக் கடிதம் எழுதித் தந்த ஹெட்மாஸ்டருக்கும் நன்றி. அப்பாவுக்குத் தனியாகச் சொன்னால் சிரிப்பார். இருந்தாலும் நன்றி அப்பா.

அடுத்த வருஷம் விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் வீட்டுக்கு வாருங்கள். ஆகஸ்ட் 1-ல் விண்ணப்பம் திறக்கும், மே மாதமே தொடங்கினால் ஓணத்துக்குள் ஒரு வடிவம் வந்துவிடும். எழுதித் தர மாட்டேன். டீச்சர் மாதிரி கேள்வி கேட்பேன்.

இப்படிக்கு,
நோட்டுக்காரப் பெண்