ஜெபம் வராத நாட்களில் எங்களைச் சுமந்தவர்களுக்கு

எங்கள் சேகரத்துச் சபை மக்களுக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் வந்தபோது பலர் அழுதுவிட்டீர்கள். எழுந்து நாலு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன், குரல் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள், "காலில் உணர்ச்சியே இல்லை, மிஷினை மிதிக்க முடியவில்லை" என்றார். இருபது வருடம் தையல் மிஷின் மிதித்த கால். ஒரு கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நிற்கவே முடியவில்லை. 108-ல் ஏற்றிக்கொண்டு போனோம். ஜி.பி.எஸ்., அதாவது கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்குமாம்; பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறுமாம். ஏறியது. மறுநாள் இரவு வென்டிலேட்டர். மொத்தம் 19 நாள். கண்ணை மட்டும் சிமிட்டுவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் பாதி நாள் எனக்கு ஜெபம் வரவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு வீடு வீடாகப் போய், "விசுவாசமாய் இருங்க அக்கா" என்று சொன்னவள்தான் நான். வராண்டாவில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் சபை போதகர் ஐயரிடம் சொன்னால் கோபிப்பார் என்று பயம். அவரோ, "பரவாயில்லைம்மா, இப்போதைக்கு உங்களுக்கும் சேர்த்து நாங்கள் விசுவாசிக்கிறோம். முதலில் சாப்பிடுங்கள்" என்றார். அப்புறம் மாற்கு இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிற சம்பவம். ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால், "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்ற இடத்தில் அன்றைக்குத்தான் நின்றேன். படுக்கையில் கிடந்தவன் விசுவாசித்தானா என்று மாற்கு எழுதவே இல்லை.

எங்களைச் சுமந்தவர்கள் நான்கு பேரோடு நிற்கவில்லை. பாடகர் குழுத் தம்பிகள் முறை வைத்து இரவு முழிப்பு இருந்தீர்கள். பக்கத்துத் தெரு டெய்லர் அண்ணன், கடையில் வெட்டிப்போட்டுக் கிடந்த ஸ்கூல் யூனிஃபார்ம்களைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலியை என் கையில் வைத்தார். ஐ.சி.யூ.வில் ஒரு முஸ்லிம் நர்ஸ் தங்கச்சி, என் வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம், "அண்ணே, திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். பதில் சொல்ல முடியாதவரிடம்! ஐயரம்மா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தார்கள், அது போதும்.

அரிசியும் வந்தது. 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கு மாதந்தோறும் காணிக்கை எடுத்துவைக்கிற குடும்பம் எங்களுடையது. கொடுத்துத்தான் பழக்கம். முதல் மூட்டையை வாங்கும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"விசுவாசம் இருந்தால் தொண்டையில் குழாய் எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவருக்கும் ஒரு வார்த்தை. ஐந்து நாள் ஏற்றிய இம்யூனோகுளோபுலின் மருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த இரத்த பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்து அதிலிருந்து எடுப்பதாம். டாக்டர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தேவ வல்லமை வானத்திலிருந்து இறங்கும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஐஸ்பெட்டியில் வந்திருக்கிறது. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

இடது பாதம் இன்னும் தூக்க வரவில்லை. மாதக் கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். மறுபடி மிஷின் மிதிப்பாரா, தெரியாது. தெரியாமலே காலையில் எழுந்ததும் இப்போது ஜெபம் வருகிறது. நீளமாக இல்லை, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற அளவுக்குத்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் மூன்று டிபன் கேரியர் சொந்தக்காரர் தெரியாமல் கிடக்கிறது. ஒன்றின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு இருக்கிறது. யாருடையது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமாக வந்தால் அவரும் திண்ணையில் இருப்பார், காபி குடித்துவிட்டுப் போகலாம்.