பீலித் தண்ணீரும் சின்னவனும்

அன்பு மச்சான்,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். வத்தளையில் புழுக்கம் தாங்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். இங்கே தலவாக்கலையில் பத்து நாளாக மழை விடவில்லை.

அந்த மழையில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை மலையிலிருந்து வரும் பைப் உடைந்து, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் கொட்டகலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் ஓடுகிறது. கட்டியது யார் தெரியுமா? நம்ம சின்னவன். பதின்மூன்று வயது! அட்டைக்குப் பயந்து காலெல்லாம் உப்பும் சவர்க்காரமும் தேய்த்து, பிளாஸ்கில் சுடுதண்ணீரும் ஒரு பழைய சைக்கிள் டியூபும் எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். உடைந்த நுனியைச் சுடுதண்ணீரில் இளக்கி, மற்ற நுனியை அதற்குள் சொருகி, டியூபை விரலகலத்துக்கு அறுத்து இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கிறான். கடைசிச் சுற்றை முந்தின சுற்றுக்கு அடியில் நுழைத்து இறுக்கியிருந்தான். தாத்தா கட்டுகிற அதே கட்டு. யாரும் உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் தாத்தா பின்னால் பை தூக்கிக்கொண்டு போனான், எட்டு வயதில் டியூபின் ஒரு நுனியைப் பிடித்தான், இப்போது தனியாகவே கட்டிவிட்டான்.

நான் ஏன் இப்படிப் பூரிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு எட்டுப் புள்ளி குறைந்த பிள்ளை இவன். சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தைப் போட்டு வாசலில் பதாகை கட்டினார்கள். இவன் ஒரு மாதம் பின்பக்கப் படியால்தான் பள்ளிக்கூடம் போனான். நாலு வயதில் "நான் லொறி ஓட்டுவேன்" என்று நின்றவன், எதற்கெடுத்தாலும் "எனக்கு ஏலாதப்பா" என்றான். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

பத்தனை ஆசிரியர் கல்லூரியில் நாம் படித்ததுதானே மச்சான். சின்ன வயதில் பிள்ளைக்கு எல்லாம் ஏலும். ஏழெட்டு வயதில்தான் பக்கத்துப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டு எடைபோடத் தொடங்குகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றைச் செய்து முடிக்கும் தெம்பு வரவேண்டும், இல்லாவிட்டால் தாழ்வு மனப்பான்மை ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர் எரிக்சன் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதினோம். சரியாக அதே வயதில் 200 புள்ளிக்கு ஒரு பரீட்சையை வைத்து, பிள்ளை யாரென்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர். ஹவாயில் கவாய்த் தீவு, அதுவும் தோட்டத் தொழிலாளர் தீவுதான், அங்கே கரும்பும் அன்னாசியும். 1955இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை என்று நாலு பக்கமும் நெருக்கப்பட்ட பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திராணியோடு வளர்ந்தார்கள். தன்மேல் அக்கறை வைத்த ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார். பலருக்குத் தம்பி தங்கையைப் பார்ப்பது மாதிரி வீட்டில் ஒரு பொறுப்பும் இருந்தது. வாசித்தபோது நம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள்தான் என் கண் முன்னால் நின்றார்கள்.

பொறுப்பு என்றால் பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு அனுப்புவதை நான் சொல்லவில்லை. என் பத்தாம் வகுப்பில் இந்த வருடம் இரண்டு கதிரை காலி. 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் எங்கே மூட்டை தூக்குகிறார்களோ. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அப்புறம், மகளுக்கு மூன்றாவது டியூஷன் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீயும் வாத்தியார், உனக்கு நான் சொல்லவா? அந்த நேரத்தில் வீட்டில் ஏதாவது ஒரு வேலையை அவளிடம் விடு. ஞாயிற்றுக்கிழமைச் சம்பல் முழுக்க அவளுடையதாக இருக்கட்டும். உப்புக் கூடினாலும் நீ வாயைத் திறக்காமல் சாப்பிடு.

அடுத்த வாரம் பைப்பில் இன்னும் இரண்டு இடம் கட்ட வேண்டும். சின்னவன் என்னையும் வரச் சொல்லியிருக்கிறான், டியூப் நுனியைப் பிடிக்க.

அன்புடன்,
உன் மச்சான்