மூதூர்ப் பக்கத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான தாய்மாருக்கும் மற்ற எல்லோருக்கும்,

குடும்பநல மருத்துவமாது வேலையிலிருந்து வருகிற மாதம் ஓய்வு பெறுகிறேன். அதற்கு முன் 2017இல் உங்களிடம் பட்ட கடனைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம்தான் எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி நம் இலங்கையின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தரம் 6 படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பள்ளிக்கூடத்தில் தவறினால் எங்கள் கிளினிக்கில். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு, இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது. தொற்று வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன்.

குக்கலுக்கும் (கக்குவான் இருமல்) ஏற்புவலிக்கும் (டெட்டனஸ்) சின்னமுத்துக்கும் (தட்டம்மை) ஊசி போட மறுபேச்சில்லாமல் பிள்ளையைத் தூக்கி வந்த தாய்மார் இதற்குத் தயங்கினார்கள். "பதினொரு வயசுப் பிள்ளைக்கு இது எதுக்கு மிஸ்? நாளைக்குப் பிள்ளைப்பாக்கியம் இல்லாமப் போனா?" அப்படி ஒன்றும் நடக்காது என்று எத்தனை தடவை சொன்னாலும் தாய் மனம் பதறத்தானே செய்யும். நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தப் பயம் என் பேச்சால் போகவில்லை. கிளினிக்கில் கடைசி வாங்கில் பேத்தியோடு இருந்த ஓர் அம்மா எழும்பினார். "என்ட மகள் இந்தப் புற்றுநோய் வருத்தத்திலதான் போனவள். அப்ப ஊசி இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு இண்டைக்குத் தாய் இருந்திருப்பாள்." பிறகு பேத்தியின் சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார். அம்மா, பெயர் எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. அன்று உங்கள் பேத்தி அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கியது. உங்களுக்குப் பின்னால் வரிசை தானாக நீண்டது.

மௌலவி அவர்களுக்கும் நன்றி. டொக்டரிடம் வந்திருந்து சந்தேகமெல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகே ஜும்மாவில் பேசினார். அப்படித் தெளிந்து பேசியதால்தான் சனம் நம்பியது. இரண்டாவது ஊசிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் போன டீச்சர்மாரையும் மறக்கமாட்டேன்.

அப்புறம் ஊசி மருந்துப் பெட்டியை ஏற்றிப் போன ஓட்டோத் தம்பி. இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலத்து வெயிலும் ஆகாது, உறையவும் கூடாது. உறைந்துவிட்டால் பிறகு இளகினாலும் எறிய வேண்டியதுதான். அதனால் ஐஸ் பேக்கை எடுத்தவுடன் பெட்டிக்குள் வைக்க மாட்டோம். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருப்போம். இதை ஒரு தடவைதான் தம்பிக்குச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு பேக்கையும் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்து, "இப்ப சரி மிஸ்" என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். தோப்பூர், ஈச்சிலம்பற்று என்று எங்கே போனாலும் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவார். கரண்ட் போன ஒரு மத்தியானம் மருந்துப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும் என் நன்றி.

என் இடத்துக்கு வரும் மிஸ்ஸுக்கு இந்தப் பக்கம் புதிது. சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்ட மாதிரியே அவரிடமும் கேளுங்கள். தம்பி, மாரி மழையில் அவரைத் தனியே பஸ்ஸுக்கு நிற்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்பநல மிஸ்