பெயர் தெரியாத காவலர்களை அடையாளப்படுத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
விசாரணைக் கைதி (பெயர், சிறை எண் இணைப்பில்),
மத்திய சிறை.
(சிறைக் கண்காணிப்பாளர் வழியாக)

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: காவல் நிலையத்தில் என்னைத் தாக்கிய காவலர்களின் பெயர், பதவி, காவலர் எண் ஆகியவற்றைத் தெரிவிக்கவும், கண்காணிப்புக் கேமரா பதிவுகளைப் பாதுகாக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருட்டு வழக்கொன்றில் தங்கள் மாவட்டத் தனிப்படையினரால் பிடிக்கப்பட்ட நான், நிலைய மாடியில் அன்றிரவு தாக்கப்பட்டதற்கு இழப்பீடு கோரி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்திய வழக்கறிஞர் மூலம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துள்ளேன். நிலைய ஆய்வாளரை எதிர்வாதியாகச் சேர்க்க முடிந்த எனக்கு, அடித்த நால்வரைப் ‘பெயர் தெரியாத காவலர்கள்’ என்றுதான் எழுத முடிந்தது. பெயரும் பதவியும் இல்லாதவர்களுக்குச் சம்மன் சார்வு செய்ய வழியில்லாததால், அவ்விவரங்களைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அவகாசம் அளித்துள்ளது.

நால்வரும் மஃப்டியில் இருந்தனர். ஒருவரையொருவர் ‘ஏட்டய்யா’, ‘தம்பி’ என்று கூப்பிட்டார்களே தவிர, பெயர் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பைப்பால் உள்ளங்காலில் அடித்தவருக்கு இடது புருவத்தைக் குறுக்காக வெட்டிய தழும்பும், வலது மணிக்கட்டில் செம்புக் காப்பும் உண்டு. நான் கழிவறையில் வழுக்கி விழுந்ததாக நிலையத்தில் எழுதியிருக்கிறார்கள். வழுக்கி விழுந்தவனுக்கு இரண்டு உள்ளங்கால்களிலும் வரிவரியாக எப்படிக் கன்றும் என்பதை, சிறையில் அனுமதிக்கும்போது மருத்துவர் எழுதிய காயக் குறிப்பைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யலாம்.

கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆவது பிரிவு கூறுகிறது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னதோடு, விசாரிக்கும் காவலர் அனைவரின் விவரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கட்டளையிட்டது. எனவே நான் கேட்கும் பெயர்கள் தங்கள் அலுவலகத்துக்குப் புதியவை அல்ல. தனிப்படையை அமைத்த உத்தரவு, அன்றைய பொது நாட்குறிப்பு, காவல் பணி முறையைக் குறிக்கும் பாரா புத்தகம், என்னை ஏற்றிவந்த வாகனத்தின் பயணப் பதிவேடு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே நால்வரும் யாரெனத் தெரிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டபோது, வழக்கு நிலுவையில் இருப்பதால் தர இயலாது என்று பதில் வந்தது. நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை செய்திருந்தாலொழிய, நிலுவை என்பது மட்டுமே அச்சட்டத்தில் மறுப்புக்குக் காரணமாகாது.

இவற்றைவிட அவசரமானது கேமரா பதிவு. காவல் நிலையப் பதிவுகளைப் 18 மாதங்கள், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல், வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டறிந்ததால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மாடியில் கேமரா இல்லை என்று சொல்லப்படலாம். படிக்கட்டுக்கு எதிரே ஒன்று இருப்பதை நானே பார்த்தேன், நால்வரும் அதைக் கடந்துதான் ஏறினார்கள்.

ஆகவே, அப்பதிவையும் மேற்படி பதிவேடுகளையும் உடனே கைப்பற்றிப் பாதுகாக்கவும், அந்நிலையத்தோடு தொடர்பில்லாத துணைக் கண்காணிப்பாளர் ஒருவரைக் கொண்டு நால்வரையும் கண்டறிந்து, அவர்களின் விவரங்களை என் வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஐயம் எழுந்தால், நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பில் அவர்களைக் காட்ட ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: கைது குறிப்பாணை, சிறை மருத்துவர் காயக் குறிப்பு, தகவல் அலுவலரின் பதில் ஆகியவற்றின் நகல்கள்.