33 ஞாயிறுகள்: ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தை மாதம் தொடங்கிய வாசிப்பு புரட்டாசியில் முடிந்தது. 32 அத்தியாயங்கள், கடைசியில் ஒரு பின்கதை. ஞாயிறுக்கு ஒன்று என்று கணக்கு. நடுவில் மழைக்கு ஒரு வாரம், ஒரு துக்கத்துக்கு ஒரு வாரம் விட்டுப்போனது. மற்றபடி கிளை நூலகத்து மாடியில் மாலை நாலு மணிக்குப் பாய் விரிக்காத ஞாயிறு இல்லை. ரஷ்ய எழுத்தாளர் மிகைல் புல்காகோவின் ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலைப் பதினாறு பேர் சேர்ந்து முழுசாகப் படித்துவிட்டோம்.

கடைசிப் பக்கத்தை மூடியதும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லோருக்குமே இருந்தது. எழுதியவருக்குச் சொல்ல வழியில்லை. அவர் 1940 மார்ச் 10ஆம் தேதி, 48 வயதில் போய்விட்டார். நாவல் அச்சைப் பார்த்தது 1966 நவம்பரில். அவர் உயிரோடு இருந்தவரை அதைப் படித்தவர்கள், படிக்கக் கேட்டவர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்துபோன நெருங்கிய சிலர்தான். அதனால், அதைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கும் எங்கள் கையில் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் ஒரு மடல் எழுதலாம் என்று முடிவானது. “நீங்களே எழுதிடுங்க டீச்சர்” என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள் நான். பிறர் எழுதியதை அடித்துக் கொடுத்துப் பழகிய கை இது. சொந்தமாக எழுதுவதில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூலகர் சாருக்கு. மாடி அறையில் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. அதை எல்லாம் அவரே கீழே இறக்கி, பெருக்கி, ஒரு மின்விசிறியும் மாட்டிக் கொடுத்தார். ஒரு நாளும் “எப்ப முடியும்?” என்று கேட்கவில்லை. தேநீர்க்கடை அண்ணனுக்கு: தட்டோடு மேலே வந்தவர், இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து வரும் அத்தியாயங்களில் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றுவிடுவார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவர் நின்ற அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை அம்மாவுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிப்பார், அப்படியே தமிழில் சொல்வார். மாஸ்கோவுக்குச் சாத்தான் வந்து இறங்கும் கதையையும், அதற்குள் மாஸ்டர் எழுதும் பிலாத்து கதையையும் இழை அறுந்துபோகாமல் கொண்டுபோனார். இரண்டாம் அத்தியாயத்தில் பிலாத்துவை வதைக்கும் அந்த வலியை அவர் “ஒற்றைத் தலைவலி” என்று சொன்னதும், பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரோஜாத் தைலத்தின் வாசனைகூட ஆளுநருக்குத் தாங்கவில்லை என்று வருகிறது. “எனக்கும் அப்படித்தான், தலையில வைக்கிற மல்லிப்பூகூட ஆகாது, எடுத்து வெளிய வச்சிடுவேன்” என்றார். அதுவரை வாயே திறக்காதவர். அன்றையிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எருசலேம் அவருக்கு அந்தத் தலைவலி வழியாகத் திறந்துகொண்டது.

மருத்துவர் ஐயா அன்று சொன்னதையும் இங்கே பதிகிறேன். புல்காகோவே மருத்துவம் படித்தவர். அப்பாவைக் கொண்டுபோன அதே சிறுநீரக நோய்தான் தனக்கும் வந்திருக்கிறது என்பதும், அது எப்படி முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். ரத்த அழுத்தம் ஏற ஏறக் கண் மங்கியது. எழுதவோ படிக்கவோ முடியாத நிலையில், மனைவி யெலேனா செர்கேயெவ்னா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, அவர் வாயால் சொல்லத் திருத்தங்கள் ஏறின. 1940 பிப்ரவரி 13 வரை அது நடந்தது. இரண்டாம் பாகத் தொடக்கத்தில், ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்து “பெட்டிக்குப் பின்னால் போகிறவர்கள் எழுத்தாளர்களா?” என்று மார்கரீட்டா கேட்கும் இடத்தோடு திருத்தம் நின்றது என்பார்கள். அந்த வரி வந்த ஞாயிறு பேராசிரியை அம்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நாங்களும் இருந்தோம்.

திருத்தி முடியாத நாவல் என்பது பிற்பகுதியில் தெரியத்தான் செய்கிறது. மாஸ்டரும் மார்கரீட்டாவும் நிலவறை வீட்டில் சாகிறார்கள். அதே நேரத்தில் மாஸ்டர் மருத்துவமனையிலும் அவள் தன் மாளிகையிலும் சாகிறார்கள். பின்கதையிலோ இருவரும் காணாமல் போய்விட்டதாக இருக்கிறது. கல்லூரி மாணவி ஒருத்தி இதைக் கண்டுபிடித்துக் கேட்டாள். அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் மூன்று மாதம் அவருக்குக் கிடைத்திருந்தால் அந்த இடத்தை எப்படி ஒழுங்கு செய்திருப்பார் என்று நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது.

இனி என் தொழில்காரிக்கு. ஓல்கா போக்‌ஷான்ஸ்கயா, யெலேனாவின் அக்கா, மாஸ்கோ கலை நாடக அரங்கில் செயலாளர். 1938 கோடையில் புல்காகோவ் வாயால் சொல்லச் சொல்ல இந்த நாவலை டைப் அடித்தவர் அவர்தான். ஊரில் இல்லாத மனைவிக்கு ஜூன் மாதம் எழுதிய கடிதத்தில், 327 தட்டச்சுப் பக்கங்கள் தன் முன்னால் இருப்பதாகப் புல்காகோவ் சொல்கிறார். அதே கடிதத்தில் ஒரு வருத்தமும் இருக்கிறது: இத்தனை பக்கத்தில் அடிக்கிறவர் ஒரே ஒரு தடவைதான் சிரித்தார், அதுவும் 245ஆம் பக்கத்தில்.

இதைக் கேட்டு வட்டத்தில் எல்லோரும் ஓல்காமேல் கோபப்பட்டார்கள். நான் அவர் பக்கம்தான் பேசினேன், இப்போதும் பேசுகிறேன். ஒரிஜினல் ஒன்று, அடியில் கார்பன் பிரதிகள். ஒரு எழுத்து பிசகினால் எல்லாத் தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். சொல்கிறவர் வேகத்துக்குக் காது போக வேண்டும், ஓர மணி அடிக்கும் முன் வரியை எங்கே உடைப்பது என்று கண் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கதை மண்டைக்குள் போகாது, விரல் வழியாகவே போய்விடும். நானும் எத்தனையோ ஆய்வேடுகளையும் மனுக்களையும் சிரிக்காமல், அழாமல் அடித்திருக்கிறேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஒரு வரி நினைவுக்கு வந்து நெஞ்சைப் பிசையும். ஓல்கா அம்மா, உங்கள் முகம் எப்படி இருந்தாலும் சரி, நீங்கள் அடித்த தாள் இருந்ததால்தான் திருத்துவதற்கு ஒரு பிரதி இருந்தது. உங்களுக்கு என் வணக்கம்.

யெலேனா செர்கேயெவ்னாவுக்கு என்ன சொல்வது? கணவர் போவதற்குச் சில நாள் முன்பு, நாவலை மறுபடி அடித்துக் கொடுப்பேன், அதை அச்சிடுவார்கள் என்று வாக்குக் கொடுத்தார். 26 வருஷம் அந்த வாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போர் வந்து 1941இல் தாஷ்கண்டுக்குப் போன காலத்திலும் நாவலை விடவில்லை. கவிஞர் அன்னா அக்மதோவா அங்கே அதைப் படித்தார். அச்சில் வந்ததைப் பார்க்க அக்மதோவாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதே 1966இல் மார்ச்சிலேயே இறந்துவிட்டார். கணவர் கல்லறைக்கு யெலேனா தேடி எடுத்து வைத்த கல், ஒரு காலத்தில் கோகோல் கல்லறைமேல் இருந்து பின்பு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. புல்காகோவ் தன் ஆசானாக நினைத்த பழைய எழுத்தாளர் கோகோல். 1970இல் யெலேனாவும் அதே கல்லின் கீழ் போய்ச் சேர்ந்தார்.

‘மாஸ்க்வா’ இதழ் 1966 நவம்பரிலும் 1967 ஜனவரியிலும் நாவலை இரண்டு தவணையாக வெளியிட்டது. முன்னுரை எழுதிக் கைதூக்கிவிட்ட கான்ஸ்டன்டின் சிமொனோவுக்கும், பின்னுரை எழுதிய அப்ரம் வூலிசுக்கும் நன்றி. ஆனால் முழு நாவல் வரவில்லை. சோவியத் தணிக்கையில் ஏறத்தாழ 12 சதவீதம் வெட்டப்பட்டது. “வெட்டின நாவலுக்கு அந்த அம்மா எப்படிச் சம்மதிச்சாங்க? மாட்டேன்னு சொல்லியிருக்க வேணாமா?” என்று எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவர் மனம் கொதித்துக் கேட்டார். அன்று ஏழரை மணிவரை வாக்குவாதம் போனது. என் எண்ணம் இதுதான்: அவர் மாட்டேன் என்றிருந்தால், நான்கு வருஷம் கழித்து அவர் சாகும்போதும் அது பீரோவுக்குள்தான் இருந்திருக்கும். முழுதாக இருந்து யாரும் படிக்காததைவிடக் குறையாக வந்து ஒன்றரை லட்சம் பிரதி வீடு வீடாகப் போனதே, அது பெரிது. வெட்டியது எங்கே என்று காட்ட அவர் கையில் மூலப் பிரதி இருந்தது, அந்தத் தைரியம்தான்.

வாசகர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வெட்டுப்பட்ட பகுதிகள் டைப் அடித்த தாள்களாகக் கைக்குக் கை போயின. அவற்றை வாங்கி இதழின் உரிய பக்கத்தில் செருகி, இதழிலிருந்து நாவலை மட்டும் பிரித்துப் பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். தாங்களே புத்தகத்தை முழுமையாக்கினார்கள். வெட்டில்லாத புத்தகம் அந்த நாட்டில் வந்தது 1973இல்தான், அதுவும் 30,000 பிரதி. போல்ஷயா சதோவயா தெரு 10ஆம் எண் வீட்டில், நாவலில் சாத்தான் தங்கும் 50ஆம் எண் குடியிருப்புக்குப் போகிற மாடிப்படிச் சுவர் முழுக்க வாசகர்கள் எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். மாஸ்கோவில் மருத்துவம் படித்து வந்த நம் தம்பி அந்தப் படியில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பூனை, அதன்மேல் வேறொரு பூனை, அதற்கும் மேல் யாரோ எழுதிய வரி. நூலகத்துச் சுவரில் அந்தப் படங்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன.

இந்த வாசகர்களின் வேலையில் எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

வட்டத்தில் ஒரு மாமி தன் வீட்டுக்காரர் வைத்திருந்த பழைய ஆங்கிலப் பிரதியோடு வருவார். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. படிக்கும்போது விரல் வைத்து வரி பார்த்துக்கொண்டே வருவார் மாமி. சில வாரம் “எனக்கு இடம் தவறிப்போச்சு” என்று மெல்லச் சொல்வார். வயசு என்று அவரே சமாதானம் செய்துகொள்வார். 15ஆம் அத்தியாயத்தில்தான் விஷயம் புரிந்தது. சாத்தான் தங்கும் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர் நிக்கானர் இவானோவிச்சின் கனவு. தாடி வைத்த ஆண்கள் நாடகக் கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருக்க, மறைத்து வைத்த வெளிநாட்டுப் பணத்தை ஒப்படையுங்கள் என்று மேடையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பேராசிரியை அம்மா பக்கம் பக்கமாகப் படிக்கிறார், மாமியின் புத்தகத்தில் கனவின் பெரும்பகுதி இல்லவே இல்லை. 1967இல் ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்பு வந்தது. ஒன்று முழுப் பிரதியிலிருந்து, மற்றொன்று வெட்டுப்பட்ட இதழிலிருந்து. மாமியிடம் இருந்தது இரண்டாவது.

“அப்ப அவர் இதையெல்லாம் படிக்கவே இல்லையா?” என்றார் மாமி.

அன்று ராத்திரி என் பழைய ரெமிங்டனை வெளியே எடுத்தேன். ரிப்பன் காய்ந்து கிடந்தது. எங்கெங்கோ அலைந்து இரண்டு ரிப்பன் வாங்கி வந்த என் பழைய மாணவனுக்கு நன்றி. முழுப் பிரதியையும் மாமி பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, விட்டுப்போன இடங்களைக் குறித்துக் கொடுத்தாள் அந்தக் கல்லூரி மாணவி. மூன்று வாரம் ராத்திரி எனக்கு அதே வேலை. மொத்தம் 48 தாள். மொழிபெயர்ப்பாளர் வேறு என்பதால் நடை அங்கங்கே மாறும், அது தெரிந்தேதான் செய்தோம்.

பைண்டிங் கடைக்காரர் ஐயா ஒரு பைசா வாங்கவில்லை. கோந்து வைத்தால் பழைய தாள் வெடித்துவிடும் என்று, மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை உள் ஓரத்தில் மட்டும் நூல் கனத்துக்குத் தடவி, ஒவ்வொரு தாளையும் மடித்து உட்கார வைத்தார். மேலே செங்கல் ஏற்றி இரண்டு நாள் வைத்தார். புத்தகம் இப்போது சற்றுத் தடித்து, வாய் பிளந்த மாதிரி இருக்கிறது.

பசை தடவும்போது பக்கத்தில்தான் இருந்தேன். 15ஆம் அத்தியாயத்தைத் திறந்து தாளை வைக்கப் போனவர் கையை நிறுத்தி, “இங்க என்னமோ எழுதியிருக்கு டீச்சர், மூடிடவா?” என்று கேட்டார். ஓரத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில், மாமியின் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: ‘கனவு எங்கே?’

அந்த எழுத்து மறையாமல் தாளை ஒரு விரற்கடை தள்ளி ஒட்டச் சொன்னேன்.