தொடரை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாரமலரில் வரும் திகில் காதல் தொடரை நிறுத்தச் சொல்லி மூன்று கிழமையாகக் கடிதங்கள். நாயகன் பொய்யன், நாயகி கொலையை மறைத்தவள், இதை வாசித்தால் இளசுகள் கெட்டுப்போகுமாம். சரி, கோவலன் யார்? கட்டியவளை விட்டு மாதவியிடம் போய்ச் சொத்தைத் தொலைத்தவன். கண்ணகி மதுரையையே எரித்தவள். அவளுக்குத்தான் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கோயிலில் வைகாசிப் பொங்கல்.

என் மனக்குறை வேறு. தொடரில் நாயகி வேண்டாம் என்ற பிறகும் நாயகன் அவளுடைய ரியூசன் வாசலில் நாள்தோறும் நிற்பதை எழுத்தாளர் காதல் என்கிறார். அவள் பயந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. "இவனைப் பொலிசில குடுக்கவேணும்" என்றாள் என் மகள்.

ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள். கொலையாளி யாரென்று தெரியாமல் எனக்கு நித்திரை வராது.

வாசகி,
நல்லூர், யாழ்ப்பாணம்.