நல்ல வெயிலும் நைஸ் மாவும்

கோவில்பட்டி,
புதன்கிழமை.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் நைஸ் என்கிறார்களே அப்பா, அது பாராட்டா, இல்லை சும்மா சொல்லிவைப்பதா?" என்று கேட்டாய். "நல்ல அர்த்தம்தான் அம்மா" என்று முடித்துவிட்டேன். நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் குரல் இறங்கியிருந்தது. 32 வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் மகளுக்குச் சொல்லும் பதிலா அது என்று மூன்று நாளாக மனதை அரிக்கிறது.

நேற்று அம்மா முறுக்குக்கு அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மில்லுக்குக் கொடுத்தனுப்பினாள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தூக்குவாளியை இறக்கிவைத்து, "இடியாப்பத்துக்கு அண்ணாச்சி, நல்ல நைஸாக அரைத்துக் கொடுங்கள்" என்றார். மில்காரர் விழுகிற மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். திருகைக் கொஞ்சம் இறுக்கினார். மறுபடி எடுத்துத் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். நறநறப்பு போன பிறகுதான் தலையை ஆட்டினார். அந்த அம்மாளுக்கு நைஸ் என்பது ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே இருந்திருக்காது. எனக்கோ, அந்தச் சொல்லின் பழைய பொருள் ஒன்று மில்காரரின் விரல் நுனியில் இருப்பதாகப் பட்டது.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் 'ஸ்கீரே' என்ற வினையோடு இல்லை என்னும் பொருள் தரும் 'நெ' சேர்ந்து வந்தது அது. நீ படித்த 'ஸயன்ஸ்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவனை நைஸ் என்றால் மடையன் என்று பொருள். பிறகு எதிலும் குறை காண்கிற, எளிதில் திருப்திப்படாத ஆளைச் சொன்னார்கள். அதிலிருந்து நுணுக்கம், துல்லியம் என்று பொருள் நகர்ந்தது. மில்காரர் மாவில் தேடியதற்குப் பக்கத்தில் இருப்பது அந்தப் பொருள்தான். இரண்டு கருத்துகளுக்கு நடுவே மயிரிழை வேறுபாட்டைக் காட்டும்போது இன்றும் படித்தவர்கள் அதை அப்படிப் பயன்படுத்துகிறார்கள். இனியது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

இடையில் அற்பமானது என்ற பொருளும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், தான் அனுப்பிய கடிதம் ரோமியோவிடம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறாரே, "அது நைஸ் கடிதம் அல்ல" என்று, அங்கே அதுதான் பொருள். சில்லறை விஷயம் எழுதிய கடிதம் அல்ல, உயிர் போகிற விஷயம் என்கிறார்.

இழிவிலிருந்து ஒரு சொல் இப்படி மேலேறுவது நமக்கும் புதிதல்ல. கள்ளுண்ணாமையில் 'களித்தறியேன் என்பது கைவிடுக' என்கிறார் வள்ளுவர். குடித்து மயங்கி அறியேன் என்று சொல்வதை விட்டுவிடு என்கிறார். இன்று களிப்பு என்றால் யாருக்குக் கள் நினைவுக்கு வருகிறது?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு விஷயம் யோசித்துப் பார். "வெளியே நல்ல வெயில்" என்று நாம் சொன்னால் வெயிலைப் பாராட்டுகிறோமா? நல்ல பசி, நல்ல அடி, நல்ல உயரம் என்கிறோம். அங்கே 'நல்ல' பக்கத்துச் சொல்லுக்குப் பலம் கூட்டுகிறது, அவ்வளவுதான். "நைஸ் அண்ட் வார்ம்" என்று அவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான், கொஞ்சம் இதமும் சேர்த்து. "தட்ஸ் நைஸ்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தால், நாம் "அப்படியா, சரி" என்பது மாதிரி. "நைஸ் ட்ரை" என்றால் முயன்றாய், நடக்கவில்லை என்று பொருள். உன் குறிப்பேட்டைப் பார்த்து மூத்த செவிலியர் "நைஸ்" என்று மட்டும் சொல்லி நகர்ந்தாரே, அதை மரியாதையாக எடுத்துக்கொள். குறையாக எடுத்துக்கொள்ளாதே. எது நன்றாக இருந்தது என்று என்றைக்காவது நின்று சொன்னால், அன்றைக்கு அது பாராட்டு.

ஆனால் உன் வார்டில் இருக்கும் அந்தத் தாத்தா சொன்னது வேறு. குளிருக்கு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாய், "நைஸ் வார்ம் ஹேண்ட்ஸ்" என்றார் என்றாயே. அந்த நைஸில் குறை எதுவும் இல்லை, அம்மா. குழந்தையைக் குளிப்பாட்டும் முன் உன் அப்பத்தாவும் அப்படித்தான் கையைத் தேய்த்துக்கொள்வார்கள். நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. கட்டுரை நோட்டில் 'நைஸ்' என்று கண்டால் சிவப்பு மையில் அடித்துவிடுவது என் வழக்கம். சோம்பேறிச் சொல், வேறு எழுது என்பேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை, தந்தையைப் பற்றி எழுதியிருந்தான். என் அப்பா நைஸான மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நைஸாக இருப்பார் என்று இரண்டே வரி. இரண்டு நைஸையும் அடித்தேன். மறுநாள் இரண்டு இடத்திலும் 'குட்' என்று திருத்திக் கொண்டுவந்து நீட்டினான். சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்று அந்தப் பிள்ளை எழுதியது பல வருடம் கழித்துத்தான் என் மண்டையில் இறங்கியது. மற்ற ஆறு நாள் அந்த வீட்டில் என்ன நடந்தது? நான் கேட்கவில்லை. சொல்லைப் பார்த்தேன், அதன் பக்கத்தில் நின்றதைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த நோட்டு கண்முன் வந்தால் தூக்கம் போய்விடுகிறது.

அதனால்தான் நீ "ரூம் நைஸாக இருக்கிறது, சாப்பாடு நைஸ், எல்லாரும் நைஸ்" என்று வரிசையாகச் சொல்லும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை. ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா? ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வருகிறாயா, பஸ் இருக்கிறதா? சோறு வடிக்கிறாயா, ரொட்டியோடு நிறுத்திவிடுகிறாயா? இவற்றுக்குப் பதில் சொல். அழ வேண்டும் போலிருந்தால் அதையும் சொல்.

முறுக்கு மாவு நன்றாக அரைபட்டு வந்தது. அம்மா சுட்டு ஆறவைத்திருக்கிறாள், இரண்டு டப்பாவாக நாளை பார்சலில் போகும். ஒரு டப்பா வார்டில் இருப்பவர்களுக்குக் கொடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்தத் தாத்தாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்.

அன்புடன்,
அப்பா